மணி கேட்காத விருந்தாளி

கையில் மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, நிரல் எழுதும் நண்பர்களே, ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் அக்காமார்களே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்தபடி கேட்கும் தாய்மார்களே, வணக்கம்!

நம் மென்பொருள் நாளை அந்த மையத்தில் ஓடத் தொடங்குகிறது. வாழ்த்தத்தான் அழைத்தீர்கள். வாழ்த்த வந்தவள் குழம்பி நிற்கிறேன்.

நாம் நிரல் எழுதும் ஃபங்ஷனல் வகை மொழியில் ஆயிரம் இழைகள், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள், ஓடும். ஓர் இழை அழைப்பை எடுக்கும், ஓர் இழை வண்டியைத் தேடும். இந்த மேடை போலத்தான்: மைக் ஒன்று, பேச்சாளர் பலர், தலைவர் மணியடித்தால் வழிவிட வேண்டும். அழகான ஏற்பாடு அல்லவா? ஆனால் வண்டிக்குப் பாதை கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஒரு விருந்தாளியை அழைத்தோம். 'சி' என்ற வேறொரு நிரல் மொழியில் எழுதிய நிரல் அது. அவருக்கு நம் மணி கேட்காது! 'சட்டென்று முடிப்பார்' என்று குறித்து அழைத்தால், அவர் முடிக்கும்வரை மைக் அவர் கையில்தான். 'தாமதிக்கலாம்' என்று குறித்தால், தனி அறையில் அமர்த்திவிட்டு மேடையை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அறையைத் திறந்து மூட நேரமாகும்.

'சட்டென்று' என்றே குறித்தோம். நாலு தெரு வரைபடத்தில் சோதித்தபோது கண்ணிமைப்பதற்குள் திரும்பினாரே! இன்று காலை ஒத்திகையில் முழு நகரத்தையும் கொடுத்தோம்; பிடித்த மைக்கை அவர் விடவே இல்லை. முன்வரிசையில் இருக்கும் இந்த அக்கா கத்தினார்: "ஏம்மா, லைன்ல ஒருத்தங்க மூச்சுத் திணறுதுன்னு அழுவுறாங்க, ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையல! நான் என்னத்தச் சொல்ல?"

"ஒத்திகைதானேக்கா" என்றான் எங்கள் குழுவில் வேகமாக நிரல் எழுதுவதால் 'மின்னல்' என்று நாங்கள் கூப்பிடும் பையன்.

"நாளைக்கு அழுவுறவங்ககிட்டயும் இதையே சொல்வியா ராசா?"

எங்கள் நிரலில் பிழையில்லை. எங்கள் இழைகளில் பழுதில்லை. எதிலும் தப்பில்லை, ஆனாலும் எல்லாம் நின்றது!

பின்வரிசையில் என்ன சத்தம்? "ஒரு வார்த்தைய மாத்துனா போச்சு" என்கிறீர்களா? மாத்தலாம் தம்பி, எங்கே மாத்துவது? இப்படி வெளி நிரல்களை விருந்துக்கு அழைக்கும் இடங்கள் நம் மென்பொருளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அறை திறந்தால் மென்பொருள் ஆமையாகும். ஒன்றை விட்டால் மையமே ஊமையாகும்! எது சட்டென்று திரும்பும் என்று எனக்குத் தெரியுமா? மின்னலுக்குத் தெரியுமா? அந்த மொழிக்கே தெரியாதே!

தலைவர் அவர்களே, தெளிவு இன்னும் வரவில்லை. ஆனால் தெரியாதபோது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெரிகிறது. சந்தேகப்படும் ஒவ்வொன்றையும் 'தாமதிக்கலாம்' என்றே குறிப்போம். ஆமையாகவே போகட்டும், அக்காவின் திரை அசையட்டும்! அதை முடிக்கும்வரை நாளைய தொடக்கத்தைத் தள்ளிவைப்பீர்களா?

மணியடித்துவிட்டீர்கள். எனக்குக் கேட்கிறது; அதனால் மைக்கை விடுகிறேன். பதிலை மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லாதீர்கள், இந்த அக்காவைப் பார்த்துச் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்!