கால் மூடி உரம்

என் கையால் சாப்பிட்டு அரைவயிற்றோடு எழுந்தவர் எவரும் இல்லை. ஆற்றங்கரை ஊரான பைசாந்தூவின் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சமையல்காரி. நாற்பதாயிரம் பிள்ளைகளுக்குப் பயறுக் குழம்பு ஊற்றியிருக்கிறேன். நான் பூசணி ஜாம் கிண்டினால் அக்கரையிலிருந்து அர்ஜென்டினாக்காரர்கள் ஆற்றை நீந்தியே வந்துவிடுவார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பாள் தங்கை மிர்த்தா.

மிர்த்தாவுக்கு எலும்பு வலி. புருஷன் போனபின் என் வீட்டில்தான் இருக்கிறாள். கொல்லையில் சட்டப்படி பதிந்த ஆறு கஞ்சாச் செடிகள். அந்தப் பூவில் காய்ச்சிய எண்ணெய் நாக்கில் விழுந்தால்தான் அவளுக்குத் தூக்கம். சென்ற வருடம் அப்படித் தூங்கித் தெம்பாகி, கடைவீதிவரை நடந்தாள். திரும்பி வந்து சொன்னாள்:

"இன்னும் ஒரு அறுப்பு வரட்டும்க்கா. மொந்தேவிதேயோவுக்கு மககிட்டயே போயிடறேன். ஒரேயடியா."

"போயேன்டி, யாரு பிடிச்சா?" என்று மாத்தே தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினேன்.

அன்று முதல் மேசையில் ஒற்றைத் தட்டை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

அவள் வைத்தது தானாகப் பூக்கிற குட்டை ரகம். அளவை அவளே எனக்குப் பாடமாகச் சொல்லியிருந்தாள். முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீர். பிறகு லிட்டருக்கு, உரப் புட்டியின் மூடியால் கால் மூடி உரம், ஒரு தண்ணீர் விட்டு ஒரு தண்ணீர். மொட்டு வந்தால் அரை மூடி. புட்டியில் ஒரு மூடி என்று போட்டிருப்பதை நம்பக்கூடாது. மற்ற செடி கருகினால் தேறும்வரை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. மாதம் ஒன்றானால் நோஞ்சானாக இருந்தாலும் பூத்துவிடும், எண்பது நாளில் கதை முடிந்தது.

மதியம் அவள் கண்ணயரும்போது நான் தினமும் இரண்டு மூடி ஊற்றினேன்.

இலை நுனிகள் கருகிய ரொட்டிபோல் ஆயின, பிறகு பருந்து நகம்போல் வளைந்தன. பக்கத்து வீட்டு வில்மார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மிர்த்தா, செடிக்குக் கல்யாண விருந்தா? தின்னு தின்னே சாகுதே!"

"கால் மூடிதான் வில்மார். அக்கா, நீ எதுனா போட்டியா?"

"நான் உப்புகூடப் போடலையே" என்றேன். அது பொய்யில்லை.

ஆறு செடிக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிப் பூகூடத் தேறவில்லை. அடுத்த விதைப்பும் அப்படியே. மூன்றாவதும். மருந்துக்கடை எண்ணெய் எங்கள் ஓய்வூதியத்துக்கு எட்டாது. மிர்த்தா துண்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கம் கேட்கக்கூடாதென்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். தலையைக் கோதிவிட்டேன். எந்த அக்கா அவ்வளவு கோதுவாள்?

இப்போது அவளால் நிற்க முடியாது. மொந்தேவிதேயோப் பேச்சே இல்லை. பால்சோற்றை நானே ஊட்டுகிறேன்.

இரண்டு வாரம் முன்பு நாலாவது தடவையாக விதைத்தோம். ஆறும் முளைத்துவிட்டன. மிர்த்தா என் கையைப் பிடித்தாள், அவள் விரல்கள் கொதித்தன.

"இந்தத் தடவை நீயே ஊத்துக்கா. எனக்குக் கை நடுங்குது. உன் கை ராசியான கை."

"எவ்வளவுடி ஊத்தணும்?"

"கால் மூடி. அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்க்கா. இதுவும் போச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

தலையாட்டினேன். மூன்றாவது வாரம் நாளை பிறக்கிறது. கால் மூடி எதற்குக் காணும்? என் வீட்டில் எந்த உயிரையும் பட்டினி போட எனக்கு மனம் வந்ததே இல்லை.