அலமாரிக்குப் பின்னாடி

அட இரு தம்பி, வீட்டு விலையை அப்புறம் பேசலாம். மொதல்ல இந்த அலமாரியை நகர்த்து. ஏன்னா கேக்கறே? மூலையில நின்னு பக்கவாட்டுச் சுவத்து ஜன்னல்ல பாதியை மறைக்குதே! பட்டப்பகல்ல லைட் போட்டுக்கணும்னு ஆசைப்பட்டு யாராவது அலமாரியை இங்க வைப்பாங்களா? பின்னாடி என்னமோ இருக்கு.

கனமா இருக்கா? சரி, மூச்சு வாங்கிக்கோ. அதுக்குள்ள மத்ததைச் சொல்லிடறேன்.

என்னை யாருன்னு நெனச்சே? பழைய கட்டடத்தை இடிச்சு, கதவு ஜன்னலைக் கழட்டி வித்துப் பொழைக்கிறவ. எத்தனை வீட்டோட வயித்தைக் கிழிச்சுப் பாத்திருப்பேன்! பாரு, வீடு பூரா அழுக்குப் பெயிண்டு, இந்த ரூம்ல மட்டும் வாசனை போகாத புதுப் பெயிண்டு. ஏன், இது மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கா, பவுடர் பூசிக்க?

பாத்ரூம் கதவு நிலையோட அடியில விரலை வை. நல்லா அழுத்து. பொதபொதன்னு உள்ள போகுதா? தண்ணி குடிச்ச மரம். ஜன்னல் மூலையில விரிசல் வேற. கத்தாதே, கத்தறது என் வேலை. அதுல என் நகம் போகல, வெறும் பூச்சு விரிசல்தான். நல்லதையும் சொல்றேன்ல?

இவ்வளவு குறை சொல்றவ வேற வீடு பாக்கறதுதானேங்கறியா? ஏன் பாக்கணும்? இந்த வீடுதான் எனக்கு வேணும். நீ சொல்ற விலைக்கு வேணாம், அவ்வளவுதான்.

ம், தள்ளு. நானும் ஒரு கை போடறேன்... அடேங்கப்பா! சுவத்துல ஈரம் தேசப்படமே வரைஞ்சு வச்சிருக்கே! தொட்டாலே பொலபொலன்னு கொட்டுது. என்னைப் பாத்தா இளிச்சவாய் மாதிரி தெரியுதா? இறங்கு. விலையில இறங்குப்பா. அது போதாது. மொட்டை மாடியிலேருந்து ஒரு படி இறங்கிட்டு தரைக்கு வந்துட்டேங்கறியே!

என்னது, பக்கத்து வீட்டுக் குழாய்லேருந்து கசியுதா? ஆமா, சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொதுதானே. போய்ச் சொல்லிப் பாத்தியா? வெரட்டி விட்டாளா? சரியான ராட்சசியா? ஏய், நாக்கை அடக்கு! யாரைப் பாத்து ராட்சசிங்கறே? வீட்டை விக்கிற வேலையை மட்டும் பாரு.

ஷ்... பேசாதே. கேக்குதா? சுவத்துக்கு அந்தப் பக்கம் குளிச்சுக்கிட்டே பாடறா. சுதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. குரல் மட்டும் தெரு முனை வரைக்கும் போகும். மாறவே இல்ல.

ஒண்ணுமில்ல, கண்ணுல உன் சுண்ணாம்புத் தூசி.

சரி, தரைக்கு வந்தியா இல்லையா? ஹா, அப்படி வா வழிக்கு! முடிஞ்சுது, வீடு எனக்கு. நிலையை நானே மாத்திக்கறேன், குடோன்ல மரம் குவிஞ்சு கிடக்கு.

என்ன சொன்னே? உன் செலவுல ஆளைக் கூட்டிட்டு வந்து இந்தக் கசிவை அடைச்சுத் தர்றியா? அந்தச் சுவத்துல கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன்!

அட, அப்படி முழிக்காதே. அங்க பாடறது என் தங்கச்சி. எதுக்குச் சண்டை போட்டோம்னு எங்களுக்கே மறந்துபோச்சு. யார் மொதல்ல பேசறதுங்கறதுலதான் இத்தனை வருஷமா நிக்குது. நானா போய்க் கதவைத் தட்டினா, நான் தோத்துட்டேன்னு ஆயிடும்ல? ஆனா சுவரெல்லாம் ஈரம், என்னடி குழாய் வச்சிருக்கேன்னு நியாயம் கேக்கப் போனா யார் என்ன சொல்ல முடியும்? அவளும் கத்துவா, நானும் கத்துவேன். கத்திக் கத்தித் தொண்டை காஞ்சா, ஒரு டம்ளர் தண்ணியாவது குடுக்காமலா போயிடுவா?

சரி சரி, அந்த ஓரத்தைப் பிடி. அலமாரியை நீயே எடுத்துட்டுப் போயிடு தம்பி. சுவத்தை மறைக்குது.