டெரிக்கின் கப்பல்

— அன்னைக்கு நீ போன் பண்ணி, "டெரிக் இருக்கானா?"ன்னு கேட்டே. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா வெர்னன்?

— "தூங்குறான், எழுந்ததும் சொல்றேன்"னீங்க, மிசஸ் ஹால்வர்சன்.

— அவனை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகல. அம்மாகிட்ட இருந்து வேற என்ன வார்த்தை வரும்?

— அப்புறம்தான் பேப்பர்ல பார்த்தேன். ஐஸ் ரோட்டுல கார் சறுக்கிடுச்சுன்னு... உக்காருங்க. காபி தரட்டுமா?

— வேண்டாம்ப்பா. இதுதானா அந்தக் கம்ப்யூட்டர்? இதுக்குள்ளயா அவ்வளவு கடலும்?

— இதேதான். டெரிக் போக, நம்ம டுலூத் ஊர்ல பன்னிரண்டு பேர் அவங்கவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து போன் லைன் வழியா இதுக்குள்ள வந்து கப்பல் சண்டை ஆடுறோம். படம்கூடக் கிடையாது, வெறும் எழுத்து. தினம் ஒரு தடவை கப்பலை நகர்த்தலாம், சுடலாம்.

— பன்னிரண்டு பெரிய ஆம்பளைங்க! வேற வேலை இல்லையா உங்களுக்கு? சரி, நானும்தான் தினம் ஆடுறேன். அவன் பேர்ல.

— தெரியும்.

— தெரியுமா?

— என் கப்பலை அவன் "ஓட்டைப் பீப்பா"ன்னுதான் கூப்பிடுவான். திடீர்னு ஒரு நாள் அவன் பேர்ல, "வழிவிட்டதுக்கு ரொம்ப நன்றி"ன்னு வருது. எதிரிக்கு நன்றி சொல்ற பையனா அவன்?

— அட கடவுளே.

— அதோட, தினமும் கப்பலைத் துறைமுகத்துலயே கட்டிப் போடுறீங்க. அவன் அங்க நின்னதே இல்ல.

— வெளியே காத்து அடிக்குமேன்னு... சிரிக்காதே.

— சிரிக்கல.

— அதனாலதான் யாரும் சுடலையா?

— அந்தக் கப்பல் மேல ஒரு குண்டு விழக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் மறுக்கல. எத்தனை வருஷம் வேணும்னாலும் நிக்கட்டும், மிசஸ் ஹால்வர்சன்.

— அதுதான்ப்பா பயமா இருக்கு. சாப்பாட்டு மேசையில என் வீட்டுக்காரர் எர்ல் தனியா உக்காந்திருக்கார். நான் மாடியில, அவன் ரூம்ல. மக குழந்தை பெத்திருக்கா, இன்னும் போய்ப் பார்க்கல. ஒரு நாள் தொடாம விட்டா, நானே அவனைக் கைவிட்ட மாதிரி இருக்கு.

— ரெண்டு வாரம் சும்மா இருங்க, மிஷினே கப்பலை ஆட்டத்துல இருந்து தூக்கிடும். இல்லன்னா இப்பவே நான் அழிச்சிடறேன். நீங்க பார்க்கக்கூட வேண்டாம்.

— குப்பையை எடுத்துப் போடற மாதிரியா? வேண்டாம். நான் கேக்க வந்தது வேற. வசந்தத்துல இருந்து மனசுக்குள்ளயே வெச்சிருக்கேன், வாய் வரல.

— கேளுங்க.

— நாளைக்கு அவனை நடுக்கடலுக்குக் கொண்டு வர்றேன். நீங்க பன்னிரண்டு பேரும் வந்து சுடுங்க. ஆனா, அவன் சும்மா நின்னு மூழ்க மாட்டான் வெர்னன். திருப்பிச் சுடறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடு.