ஐந்தாவது நிமிடம்

"இந்த அறிக்கையில என் பேரையும் போடுங்க, மேடம்."

வாயைத் திறந்து கேட்கவே கூடாது என்று வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தது இதுதான். அப்பா இதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர். "வேலை கெடச்சதே பெருசு கண்ணு. பேரு கீருன்னு போய் நிக்காத" என்பார். நான் போய் நிற்கவில்லை. ஆகவே, மேல்மாடி வார்டின் இதயத்துடிப்புக் கருவிகளையும் கீழ்த்தள நர்ஸ் மேசைத் திரையையும் இணைக்கும் மல்டிகாஸ்ட் ரூட்டிங், அதாவது கேட்கிற திரைக்குத் தகவலை அனுப்பும் ஏற்பாடு, மொத்தமும் என் வேலை; கையெழுத்து மட்டும் சீனியர் சாருடையது.

விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "சார் பொறுப்பு ஏத்துக்கிட்டாரும்மா. நீ உதவியாளர்தானே?"

ஏற்றுக்கொள்வார். அடுத்தவர் வேலையை ஏற்றுக்கொள்வதில் அவரை அடிக்க ஆளில்லை.

பொறுமையாக விளக்கினேன். நடுவில் தகவலைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் என்ற பெட்டி அவ்வப்போது, "இந்தத் தகவல் இன்னும் யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்கும். திரை, "எனக்கு வேண்டும்" என்று பதில் சொல்லும். அப்படிக் கேட்கச் சொல்லும் அந்த ஒரு கட்டளை வரியை நீக்கிவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. ஐந்தாவது நிமிடம், யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று ஸ்விட்ச் தானாகவே நிறுத்திக்கொள்ளும். திரையில் கடைசி எண்கள் அப்படியே நிற்கும். இதையெல்லாம் ஒப்படைப்புக் குறிப்பின் பதினோராம் பக்கத்தில் எச்சரிக்கையாக எழுதியிருந்தேன். பக்கம் அதிகம் என்று சார் கிழித்துவிட்டார்.

வேலையை ஒப்படைத்த அன்று சார் என்னை டாக்டர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "நம்ம பொண்ணு. கேபிள் நல்லா இழுக்கும்."

நல்லாத்தான் இழுத்தேன். அந்த வரியை நீக்கினேன். சார் எதையும் மூன்று நிமிடத்துக்கு மேல் சோதிக்க மாட்டார். எனக்கு அது தெரியும். திரை ஓடியது, கை தட்டினார்கள், அவர் கையெழுத்திட்டுக் கிளம்பினார்.

நான் எதிர்க் கேன்டீனில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கண்ணாடி வழியே நர்ஸ் மேசை தெரியும். நோயாளிகள் தூங்கட்டும் என்று மேல்மாடிக் கருவிகளின் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள். ஏதாவது என்றால் கீழே திரை அலறுமே. என் வேலைமீது அவ்வளவு நம்பிக்கை. ஒன்பதாம் படுக்கைக்கு எழுபத்திரண்டு. நல்ல எண். நாற்பது நிமிடம் கழித்தும் எழுபத்திரண்டுதான்.

"பார்த்துக்கிட்டே இருந்தியா?" நான் சொல்லி முடித்ததும் அதிகாரி கேட்டார்.

"கூப்பிடுவாங்கன்னு இருந்தேன் மேடம். ஒருத்தரும் என்னைக் கேக்கலையே."

அறிக்கையை நானே என் பக்கம் இழுத்தேன். காரணம் என்ற இடத்தில் சாரின் பெயரை அடித்துவிட்டு, என் முழுப்பெயரைப் பட்டத்தோடு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம்.

நான் கதவருகே போனபோது அதிகாரி கேட்டார். "செத்துப்போனவர் பேராவது தெரியுமா உனக்கு?"

"ஒன்பதாம் படுக்கை" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்வதாக முடிவுசெய்திருந்தேன். கடைசியில் என் பெயர் வந்துவிட்டது என்று.