மேல் வீட்டுக்கும் வரி போடுங்க

செருப்போடயே வாங்க சார், பரவாயில்ல. அம்பிட்டிய மேடு ஏறி வந்திருக்கீங்க, கதிரையில உக்காருங்க. எங்க வீட்டுக்காரரா? கட்டுகஸ்தோட்டையில, கடையில. நகரசபையிலருந்து வரிக்கு வீடு பாக்க வருவாங்கன்னு தெரிஞ்சுதான் போயிட்டாரு. சாவிய என் கையில குடுத்து, மேல யாருமில்லன்னு காட்டிருன்னாரு.

ஆமா, எழுதிக் குடுத்தது அவருதான். கீழ் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ், மேல் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குத் தனி வரி, ரெண்டையும் ஒரே வீடாப் போடுங்கன்னு திகதி முடியிறதுக்குள்ள ஓடிப்போய்க் குடுத்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சார், அதத் தள்ளிருங்க. மேல குடும்பம் இருக்குன்னே எழுதுங்க.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? எல்லாரும் வரியக் கொறைங்கன்னு அழுவாங்க, இவ கூட்டச் சொல்றாளேன்னா? புத்தி நல்லாத்தான் சார் இருக்கு.

வாங்க, மேல போவோம். படி வழுக்கும், பாத்து. பாருங்க, தனி வாசல், தனி குசினி. எங்க மகன் சுதேஷ் கல்யாணம் முடிச்சப்ப கட்டுனது. ஒண்ணா இருந்தா நானும் மருமகளும் சண்ட புடிப்போம்னு அவனுக்குப் பயம். டிலானிக்குச் சண்ட போடவே தெரியாது சார். கறி அடுப்புல இருக்கும்போதே, உப்புப் பாருங்க மாமின்னு கரண்டியோட கீழ ஓடி வருவா.

கொடியிலயா? பிள்ளத்துணி சார். நாந்தான் தோய்ச்சுப் போட்டேன். எழுதுங்க, பிள்ளத்துணி காயுதுன்னு எழுதுங்க. ஆளில்லாத வீட்டுல அது காயுமா?

அவரக் கல்நெஞ்சக்காரர்னு நெனைக்காதீங்க. இந்தப் படியில கால் வைக்க அவரால ஏலாது. கீழ நின்னு அண்ணாந்து பாப்பாரு, அப்பிடியே கடைக்குப் போயிருவாரு. ஒரே வீடா எழுதிட்டா படிய இடிச்சிரலாம்னு நெனைக்கிறாரு. இடிச்சா நான் செத்துருவேன் சார்.

அவங்க இப்ப எங்கயா?

தலப்பிள்ள இல்லையா, பிரசவத்துக்கு டிலானி ஹேவாஹெட்டயில அவங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தா. பிள்ளைக்கு முப்பத்தொண்ணாம் நாள் கழிச்சுத் தாயையும் பிள்ளையையும் கூட்டியார சுதேஷ் போனான். அந்தக் கார்த்திக மழ உங்களுக்குத் தெரியுந்தானே. பாத மூடிக் கெடக்கு, மழ விட்டதும் வர்றோம்மான்னு போன்ல சொன்னான். மழ விடல. அவங்கம்மா வீட்டுக்கு மேல இருந்த மல அப்பிடியே எறங்கிருச்சு.

பேத்திய நான் ரெண்டு தடவதான் சார் தூக்கியிருக்கேன். ஆஸ்பத்திரியில பொறந்த அன்னைக்கு ஒரு தடவ. அப்புறம், மண்ணக் கழுவி வெள்ளையில சுத்திக் குடுத்தாங்களே, அப்ப.