கிளீனரான டிரைவர்

புதுச்சத்திரத்தில் சோற்றுத்தூக்கோடு பஸ் ஏறிய பெண், எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த தெரிந்தவளிடம் சொன்னாள்:

“லாரி ஓட்டிக்கிட்டிருந்த எங்கூட்டுக்காரரு இப்பக் கிளீனருங்க்கா. நாந்தான் டிரைவரு.”

“தொடையெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கறாரே, அவரா?”

“ஆமாங்க்கா. அசந்து தூங்கறாரேன்னு நான் அசைக்காம உட்டுட்டேன். ஒரே பக்கமாப் படுத்து முதுகு செவந்துபோச்சு. புண்ணானா ஆபரேசன் தள்ளிப்போயிருமாம்.”

“அய்யோ, சாமி!”

“நர்சம்மா அவருகிட்டயே பொறுப்பக் குடுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா அவரே என்னையக் கூப்பிட்டுத் திருப்பிப் படுக்கவெக்கச் சொல்லோணும். செல்லுல அலாரம் வெச்சிருக்காரு. அடிச்சதும், ‘லெப்ட்டுல ஒடி, வா, வா, போதும், போதும்’ங்கறாரு. வார்டே சிரிக்குது.”

“செவப்பு எப்படியிருக்குது?”

“செல்லுல போட்டோ புடிச்சு அவருக்கே காட்டுனேன். நல்லா மங்கிருச்சுங்க்கா. நேத்து டாக்டரு பாத்துட்டுச் சரின்னுட்டாரு. நாளைக்கு ஆபரேசனுங்க்கா.”

சேலம் வந்தது. “அடுத்த அலாரத்துக்குள்ள போயிரோணுங்க்கா” என்றபடி அவள் எனக்கு முன்னால் இறங்கி வேகமாக நடந்தாள்.