பள்ளிக்கூடத்துக்கு எதிரே டெண்ட் கொட்டகை

"பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல சினிமாக் கொட்டா வேணும்னு டீச்சரே கேட்டா ஊரு உருப்படுமா?"

புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் இதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். கேட்டவர் முன் சீட்டு ஜவுளிக்கடை பாய். பக்கத்து வரிசையில் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். பள்ளிக்கு எதிரே இருக்கிற டெண்ட் கொட்டகையை நிரந்தரமாக்க அனுமதிக்கலாமா என்று அன்றைக்குச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் விசாரணை. ஆட்சேபிக்க அவர், ஆதரிக்க இவர், இருவரும் ஒரே பஸ்ஸில்.

"ராத்திரி ரெண்டு ஆட்டம் ஓட்றான். வூட்ல தூங்க முடியல. பசங்களும் கெட்டுப்பூடும், டீச்சரம்மா."

"பகல்ல கொட்டகை சும்மாதானே பாய் கிடக்கு? எங்களுக்குப் பாதி கிளாஸ் மரத்தடியில. மழை வந்தா லீவு. இந்த மழைக்குக் கொட்டகைக்காரர் தொறந்துவிட்டார். உங்க பையனும் அங்கதான் படிக்கிறான்."

"எம் பையனா? படிக்கிறானா?"

"கேளுங்க. மொத நாள், வெளிச்சம் வேணுமேன்னு வாசப் பக்கம் போர்டை வெச்சேன். அத்தனை பசங்களும் எனக்கு முதுகைக் காட்டிண்டு திரையைப் பார்த்து உக்காந்துட்டா. எவ்வளவு கத்தியும் ஒருத்தன் திரும்பல."

"அப்பால இன்னா பண்ணீங்க?"

"வெளிச்சத்துக்குப் பக்கத் தட்டியைத் தூக்கிக் கட்டிட்டு, போர்டைத் திரை முன்னாடியே மாட்டிட்டேன். இப்ப கண்ணு கொட்டாம பாக்கறா."

பாய் செங்கல்பட்டு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்:

"ரெண்டாவது ஆட்டத்த மட்டும் நிறுத்தச் சொல்றேன் டீச்சரம்மா. உங்க பகலாட்டம் ஓடட்டும்."